கால் தெரியும்படி ஒரு படம்

படம் பிடிக்கிறவன் வாயால் சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை, அவன் கையிலேயே சாட்சி இருக்கும் என்பார்கள். நானும் அந்தத் தொழிலில் முப்பது வருடம் கிடந்தவன். என்றாலும் என் கூட்டாளி ஒருவன் சாட்சி எதுவும் இல்லாமல் சொன்ன ஒரு கதையை, அந்த முப்பது வருடமும் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் மனிதர்களைப் பார்த்துப் பார்த்து வயிறு வளர்த்தவர்கள் உங்களில் இருந்தால் உங்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கும் புரியலாம். வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியேறிப் போவது எங்கள் தொழிலில் மட்டும் நடப்பதல்லவே.

எனக்கும் கதிரவேலுவுக்கும் அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பில் ஒரு வெள்ளைக்காரருடைய படக்கடையில் தொழில் பழகியவர்கள். ரயில் அவிசாவளையோடு நின்றுவிடும் காலம் அது. அங்கிருந்து இரத்தினபுரி, றக்வான, கொடகவெல, பிறகு திரும்பிக் கேகாலைப் பக்கம் அரநாயக்க வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய், தேயிலையையும் புதிதாக வைத்திருந்த இறப்பரையும் அவற்றில் வேலை செய்யும் சனங்களையும் படம் எடுத்து வரும்படி எங்களை அனுப்பினார்கள். சீமையில் ஏதோ கண்காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். ஒரு மாட்டுக் கரத்தை, ஒரு பெரிய கமெரா, வைக்கோல் அடைத்த பெட்டிகளில் கண்ணாடித் தகடுகள். மூன்று மாதம் அலைந்தோம். எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மறந்து போயிற்று. மறக்காமல் இருப்பது எடுக்காத ஒன்று. அல்லது எடுத்து உடைந்த ஒன்று. எது என்பதில்தான் என் சந்தேகம்.

கரத்தைக்குள் இருட்டு

ஒரு படம் எடுத்ததும் அது விழுந்த கண்ணாடியை மாற்ற வேண்டும். வெளிச்சம் பட்டால் படம் அழிந்துவிடும், ஆகவே மாற்றுவதற்கு இருட்டு வேண்டும். நடு றோட்டில், உச்சி வெயிலில், இருட்டுக்கு எங்கே போவது? கரத்தைக் கூடாரத்தின் உள்ளே கறுப்புத் துணியும் அதன் மேல் சிவப்புத் துணியும் இரட்டையாகக் கட்டி, அதற்குள் நான் சுருண்டு படுத்துக்கொண்டு மாற்றுவேன். பழைய கண்ணாடியை அது இருந்த மரச் சட்டத்திலிருந்து உருவிக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி வைப்பேன். பிறகு புதியதைச் சட்டத்தில் ஏற்றுவேன். வியர்வை கண்ணுக்குள் வடியும். துடைக்க முடியாது, கை பட்டால் கண்ணாடி போயிற்று. மழை பெய்தால் அட்டை வேறு ஏறும். காலில் அட்டை ஊர்வது தெரிந்தும் அசையாமல் கிடந்தவன் என்ற பெருமை எனக்கு அப்போது இருந்தது.

கரத்தைக்காரர் புஞ்சிராள அவிசாவளை ஆள். தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போய்ப் போய்த் தமிழ் பேசப் பழகியிருந்தார். நாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்பதை அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். கதிரவேலு அடிக்கடி துணியை இழுத்து இழுத்து மூடுவதும், உள்ளே யாரும் பார்க்கக்கூடாது என்று ஊர்ச் சனத்தை விரட்டுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் எகலியகொடையில் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து, மெதுவான குரலில் கேட்டார்: "மாத்தயா, உள்ளுக்கு இருக்கிறது பொம்பளையா, பொணமா? எதுன்னாலும் பாரம் ஒண்ணுதான். சொன்னா நான் றோட்டப் பாத்து ஓட்டுவேன்."

முழுக் கூடை

இரத்தினபுரி தாண்டி ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண்களை வரிசையாக நிறுத்தி ஒரு படம் வேண்டுமென்று துரை சொன்னார். கூடைகள் நிரம்பி வழிய வேண்டும் என்பது அவர் கட்டளை. அது வறட்சியான வாரம். செடியில் கொழுந்தே இல்லை. கூடைகளின் அடியில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்து, மேலே இரண்டு பிடி இலையைப் பரப்பச் சொன்னார்கள். அந்த யோசனையைச் சொன்னது துரையல்ல, நான். படம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசைதான். பொய் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது யோசித்தால், அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் அங்கேதான் பழகிக்கொண்டேன் போலிருக்கிறது.

தோட்டத்தில் ஒரு நாள் கொழுந்து குறிப்பிட்ட நிறைக்கு வந்தால் பெயருக்கு எதிரே முழு நாள் கூலி போடுவார்கள், அது முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர்தான். அந்த வாரம் முழுக்க எல்லாருக்கும் அரைப் பேர். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு நடுவயதுப் பெண், நான் கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுத்ததும், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டாள்: "இன்னைக்கு எங்களுக்கு முழுப் பேர் போடுவாங்களா அய்யா, இல்ல சாக்குக்குத்தான் பேரா?"

வெறும் சட்டம்

எங்களைப் பார்த்ததும், தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துச் சனம் கூடிவிடும். என்னை எடுங்க, என் பிள்ளையை எடுங்க என்று கேட்பார்கள். கண்ணாடி அளவாகத்தான் தந்திருந்தார்கள், எல்லாம் கண்காட்சிக்கு. முடியாது என்று சொன்னால் முகம் வாடிவிடும். அடுத்த நாள் நாங்கள் சொல்லும் இடத்தில் வந்து நிற்க மாட்டார்கள். கதிரவேலுதான் வழி கண்டுபிடித்தான். கண்ணாடி இல்லாத வெறும் சட்டத்தைக் கமெராவில் செருகுவான். ஆட்களை அழகாக நிறுத்துவான், கழுத்து மணியைச் சரிசெய்வான், "அசையாதேங்கோ" என்பான், மூடியைக் கழற்றி எண்ணி மறுபடி மூடுவான். படம் தபாலில் வரும் என்று சொல்லிவிடுவான். எல்லாருக்கும் சந்தோஷம்.

எத்தனை பேருக்கு அப்படிச் செய்தோம் என்று தெரியாது. முதல் இரண்டு மூன்று தடவை எனக்கு உறுத்தியது. பிறகு நானே சட்டத்தை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். கர்ப்பிணிப் பெண்ணொருத்தி குளித்து, பூ வைத்து, யாரிடமோ சேலை இரவல் வாங்கி உடுத்து வந்து நின்ற நாளில் மட்டும் நான் கொஞ்சம் வாய் திறந்தேன். இவ்வளவு ஆயத்தம் செய்து வந்தவளுக்கு ஒரு கண்ணாடியைச் செலவழித்தால் என்ன என்றேன். கதிரவேலு தோளில் கை போட்டு என்னை அப்பால் கூட்டிப் போய்ச் சொன்னான்: "அதுகளுக்குப் படம் வேண்டாமடா, தங்களைப் படம் பிடிக்கினம் எண்ட சந்தோசமே போதும்."

முக்காலி சுமந்தவன்

றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மூன்று நாள் தங்கினோம். கரத்தை போகாத ஏற்றங்களில் முக்காலியையும் பெட்டிகளையும் சுமக்க, துரை ஒரு ஆளை விட்டிருந்தார். பெயர் அடைக்கன். முப்பது வயதிருக்கும். துறையூர்ப் பக்கத்து ஆள். மூன்று நாளும் அதிகம் பேசவில்லை. கண்ணாடிப் பெட்டியை மட்டும் தலையில் வைக்காமல், பிள்ளையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தான். நாங்கள் புறப்படும் காலையில்தான் அவன் தன் சங்கதியைச் சொன்னான். அவன் வந்த கூட்டத்தில் அடைக்கன் என்று இன்னொருவனும் இருந்தான். அந்த அடைக்கன் வரும் வழியில் காய்ச்சலில் செத்துப் போனான். ஊருக்குத் திரும்பிய யாரோ அடைக்கன் செத்துவிட்டான் என்று இவன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். கருமாதி முடிந்து, மனைவி பொன்னாயியின் தாலியையும் கழற்றியாயிற்று. இவன் உயிரோடிருப்பதாகக் கணக்கப்பிள்ளையைக் கொண்டு இரண்டு கடிதம் எழுதினான். கடிதம் யாரும் எழுதலாம், ஆள் பிடிக்கக் கங்காணிமார் செய்கிற வேலை என்று ஊரில் நம்பவில்லை. தை பிறந்தால் பொன்னாயியை வேறொருவனுக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள். ஊருக்குப் போய்வரத் துரை விடுகை தரவில்லை. ஒரு படம் போனால் போதும்.

கதிரவேலு சரி என்றான். நான் அப்போது கரத்தைக்குள், கறுப்புத் துணிக்குள், முந்திய நாள் கண்ணாடிகளை மாற்றிக்கொண்டு கிடந்தேன். கதிரவேலுவின் கை உள்ளே வந்து ஒரு சட்டத்தை எடுத்தது. ஏற்றிய சட்டங்களும் வெறும் சட்டங்களும் என் கால்மாட்டில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. அவன் கை எதன் மேல் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. வெளியே அடைக்கன் கோட்டுப் பொத்தான் போடுகிறான், தலைப்பாகையைக் கட்டி அவிழ்த்துக் கட்டுகிறான் என்பதெல்லாம் கதிரவேலுவின் பேச்சிலிருந்து தெரிந்தது. "அசையாதை" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. அந்தக் குரலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் ஒரே குரலில்தான் சொல்வான். அதற்குச் சற்று முன்னால் அடைக்கன் கெஞ்சியதும் எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது: "காலு தெரியிற மாதிரி எடுங்க சாமி. கால் தரையில பதிஞ்சு நிக்கிறது தெரியாட்டி, எங்காத்தா இது பேய்தான்னு சொல்லிருவா."

ஆற்றில்

அன்றைக்கே மலையிறங்கினோம். மத்தியானத்துக்கு முன்பே ஒரு ஆற்றுத் துறைக்கு வந்துவிட்டோம். மேலே மழை பெய்திருந்ததால் தண்ணீர் அச்சாணி வரைக்கும் இருந்தது. நடு ஆற்றில் சக்கரம் ஒரு குழியில் விழுந்து கரத்தை ஒருபக்கம் சாய்ந்தது. நான் மாட்டுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். கதிரவேலு பின்னால் ஏறிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கரை சேர்ந்ததும் அவன் இறங்கி வந்து, அடைக்கனின் கண்ணாடி உடைந்துவிட்டது என்றான். காலையில் எடுத்தது சட்டத்துக்குள்ளேயே கிடந்ததாம். சட்டம் சரிந்து விழுந்து உள்ளேயிருந்த கண்ணாடி உடைந்ததாம். மாட்டின் காலில் குத்தும் என்று துண்டுகளை ஆழமான பக்கமாக வீசிவிட்டானாம்.

சட்டத்தை வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. உடைந்ததை வீசியிருந்தாலும் ஒன்றும் இருக்காது. முதலிலேயே ஒன்றும் இல்லாமலிருந்தாலும் ஒன்றும் இருக்காது. சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாடுகளை அவிழ்த்து மேய விட்டு, கல் கூட்டி, சோறு பொங்கினோம். கதிரவேலு ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது, புஞ்சிராளவிடம் மட்டும், கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டதா என்று விசாரித்தேன். அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்குக் கேக்கல்ல மாத்தயா. ஆனா ஆறும் சத்தம்தானே."

கங்காணிக்கு இரண்டு

இரண்டு நாள் கழித்துக் கொடகவெலைப் பக்கத்தில் ஒரு பெரிய கங்காணியின் வீட்டில் தங்கினோம். நல்ல சாப்பாடு, நல்ல கட்டில். தன்னை ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு வெறும் சட்டம் செருக முடியாது. படம் வராவிட்டால் கொழும்புக்கே ஆள் அனுப்பி விசாரிப்பார். கதிரவேலு என்னைப் பார்த்தான். நான் கண்ணாடி ஏற்றப் போனேன். ஆற்றில் கண்ணாடி உடைந்ததாகச் சொன்ன அதே சட்டம்தான் கையில் வந்தது. நம் தொழில்காரருக்குத் தெரியும்: ஒரு சட்டத்துக்குள் கண்ணாடி உடைந்தால் அதைச் செருகும் தவாளிப்பில் தூள் தங்கிவிடும், ஒரு மாதம் போனாலும் விரலில் குத்தும். நான் இருட்டில் நான்கு பக்கமும் விரலை ஓட்டினேன். ஒரு துகள் கூடக் குத்தவில்லை. ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து கழுவியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி வெளியே நீட்டினேன்.

கங்காணி குடையை விரித்துப் பிடித்து, கடிகாரச் சங்கிலி தெரியும்படி கோட்டைத் திறந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தடவை எடுத்தோம். போதும் என்று கதிரவேலு முக்காலியை மடக்கப் போனான். கங்காணி எழுந்திருக்கவேயில்லை. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "நம்ம மூஞ்சிக்கு ஒரு கண்ணாடி போதுமா தம்பி? வழியில ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா? இன்னொண்ணும் எடுத்து வச்சுக்கிடுங்க." எடுத்து வைத்துக்கொண்டோம்.

தபால் பை

கொழும்புக்குத் திரும்பிய பின், றக்வானைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமிருந்து கடைக்கு ஒரு கடிதம் வந்தது. அடைக்கன் படம் எப்போது வரும் என்று நாளும் கேட்கிறான், தயவுசெய்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார். கதிரவேலு தான் பதில் எழுதுவதாகச் சொன்னான். எழுதினானா என்று நான் கேட்கவில்லை. நானே எழுதியிருக்கலாம். முத்திரையும் காகிதமும் என் மேசையிலேயே இருந்தன. கண்ணாடி உடைந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன். கண்ணாடியே போடவில்லை என்று தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன். எனக்கு இரண்டும் தெரியாது. அதுவே வசதியாகவும் இருந்தது.

நான்கு வருடம் கழித்து வேறொரு வேலையாக அந்தத் தோட்டத்துக்கு நான் மட்டும் போனேன். அதே கணக்கப்பிள்ளை இருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்படிச் சாதாரணமாகச் சொல்லியிருக்க மாட்டார். அடைக்கன் மார்கழி முழுக்கக் காத்திருந்திருக்கிறான். பிறகு விடுகைச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடியிருக்கிறான். இரத்தினபுரி றோட்டில் பிடித்து மறியலில் அடைத்துவிட்டார்கள். மறியலிலிருந்து வெளியே வந்தபோது தை, மாசி எல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா, வேறு தோட்டத்தில் வேறு பெயரில் நின்றானா, யாருக்கும் தெரியாது. கணக்கப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "தபால் பை வர்ற நேரமெல்லாம் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பான். ஒரு நா பையைக் கொட்டிப் பாத்துட்டு, 'படம் வராட்டிப் போகுது, நானே போய் நிக்கிறேன்'னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டான்."

கேகாலைக் கடையில்

கதிரவேலு பிற்காலத்தில் கேகாலையில் சொந்தமாகப் படக்கடை வைத்தான். சிங்களப் பெண்ணை மணந்து, பிள்ளைகள் பெற்று, அந்த ஊர் ஆளாகிவிட்டான். நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது போவேன். ஒவ்வொரு தடவையும் பேச்சு எப்படியாவது அந்த ஆற்றுக்கு வந்துவிடும், கொண்டுவருவது நான்தான். அவன் சலிக்காமல் சொல்வான். முதலில் கண்ணாடி இரண்டாக உடைந்தது என்றான். சில வருடம் கழித்து அது தூள் தூளாயிற்று. பிறகு ஒரு தடவை, வலது பெருவிரலில் ஒரு தழும்பைக் காட்டி, அந்தத் துண்டு கீறியதுதான் என்றான். இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறவன் பொய்யன் என்று பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்வேன். வீடு போய்ச் சேர்வதற்குள், பொய் சொல்கிறவனாக இருந்தால் ஒரே மாதிரிச் சொல்லப் பழகியிருப்பானே என்று தோன்றிவிடும்.

போன மாதம் மறுபடி போனேன். கடையில் கூட்டமில்லை. அவன் கண்ணாடிகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தான். நான் கேட்காமலே, தழும்பைத் தடவியபடி, அவனாகவே அந்தக் கதையைத் தொடங்கினான். முழுவதும் சொல்லட்டும் என்று விட்டேன். குழி, சரிவு, சத்தம், ஆழத்தில் வீசியது எல்லாம் ஒழுங்காக வந்தன. கேட்டுக்கொண்டிருந்தபோது, முப்பது வருடமாக நான் சந்தேகித்துத் தூக்கித் திரிந்தது அவனுடைய கதையை மட்டும்தான் என்பதும், அந்தக் கதை மெய்யாயிருந்தாலும் நான் தப்ப முடியாது என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின. அவன் சொல்லி முடித்து, "இப்பவும் நீ நம்பேல்லை" என்றான். நம்புகிறேன் என்றேன். உண்மையாகவே அந்த நிமிஷம் நம்பினேன். பிறகு அவனிடம் நான் கேட்டது இதுதான்: "சரி, உடைஞ்சதெண்டே வைப்பம், பெட்டியிலை இன்னும் ஒரு டசின் கண்ணாடி கிடந்தது, தோட்டம் எங்களுக்குப் பின்னாலை நாலு மைல்தான், மாடு பொழுதுபடும் வரைக்கும் சும்மா மேய்ஞ்சு கொண்டு நிண்டது, திரும்பிப் போய் இன்னொண்டு எடுப்பமெண்டு எங்கள் ரெண்டு பேரிலை ஒருத்தனுக்கும் ஏன்டா தோன்றேல்லை?"